வீட்டில் தயாரிக்கும் இனிப்புக் குளிர்காபி: சர்க்கரை, காஃபின், தண்ணீர் குறித்து அறிய வேண்டியவை

குளிர்ந்த பாலில் காபி டிகாக்ஷனையோ உடனடி காபித் தூளையோ கலந்து, இனிப்பும் பனிக்கட்டியும் சேர்த்து அருந்தும் பானமே கோல்டு காபி அல்லது குளிர்காபி எனப்படுகிறது. அதனுடன் ஐஸ்கிரீம், சாக்லேட் பாகு, கேரமல், கன்டென்ஸ்டு மில்க், பிஸ்கட் தூள் போன்றவற்றைச் சேர்த்து, ஓர் இனிப்புப் பண்டத்தின் சுவை வருமாறு செய்யும் வழக்கம் அண்மை ஆண்டுகளில் பெரிதும் பரவியுள்ளது. நகரக் கடைகளில் மட்டும் கிடைத்த இப்பானம் இன்று தருமபுரி, அரூர், பென்னாகரம் பகுதிகளின் வீட்டுச் சமையலறைகளிலும் மிக்ஸியில் தயாராகிறது. கோடை விடுமுறையில் பிள்ளைகள் ஆர்வத்துடன் செய்து பெரியவர்களுக்கும் கொடுக்கின்றனர்.

இப்பானத்தைத் தடை செய்யுமாறு கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. கடையில் வாங்கும் பானத்தில் என்ன, எவ்வளவு சேர்ந்துள்ளது என்பதை நாம் அறிய இயலாது. வீட்டில் செய்யும்போது கரண்டி நம் கையில் இருக்கிறது. ஆனால் அந்தக் கரண்டி எவ்வளவு அள்ளுகிறது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

புறநோயாளிப் பிரிவில் கண்ட ஒரு நிகழ்வை இங்கே குறிப்பிடலாம். நீரிழிவு நோய்க்கு ஒழுங்காக மாத்திரை உட்கொண்டு, தேநீரில் சர்க்கரையை நிறுத்தி இரண்டாண்டுகள் ஆன பெண்மணி ஒருவருக்கு, மூன்று மாத சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி 7.1-இலிருந்து 8.6 விழுக்காடாக உயர்ந்திருந்தது. உணவில் மாற்றம் ஏதுமில்லை என்றார், மாத்திரையும் தவறவில்லை. நெடுநேரம் விசாரித்த பின்னரே, விடுமுறைக்கு வந்த மகள் நாள்தோறும் மாலையில் செய்து கொடுத்த குளிர்காபி வெளிப்பட்டது. "அது காபிதானே டாக்டர், அப்படி ஒண்ணும் தித்திப்பா இல்லையே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய நாக்கு உண்மையிலேயே அந்தத் தித்திப்பை முழுமையாக உணரவில்லை.

குளிர்ச்சி இனிப்பை மறைக்கிறது

உருகிப்போன ஐஸ்கிரீமை எப்போதேனும் சுவைத்துப் பார்த்திருக்கிறீர்களா? உறைந்த நிலையில் இதமாக இருந்த அதே ஐஸ்கிரீம், உருகி அறை வெப்பநிலைக்கு வந்ததும் திகட்டும். அதில் சர்க்கரை கூடிவிடவில்லை. நாவின் சுவை மொட்டுகளில் இனிப்பு உணர்வை நரம்புக்குக் கடத்த உதவும் புரத வாயில் ஒன்று, வெப்பத்தில் விரைந்தும் குளிரில் மந்தமாகவும் செயல்படுகிறது. ஆகவே சூடான காபியில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரை தரும் இனிப்பைக் குளிர்காபியில் பெற, நாம் அறியாமலேயே மூன்று, நான்கு கரண்டி சேர்க்கிறோம். மேலும், குளிர்ந்த பாலில் சர்க்கரை எளிதில் கரையாது. அடியில் தங்கிவிட்டதை அறியாமல், 'இனிப்பு போதவில்லை' என மீண்டும் ஒரு கரண்டி விழுகிறது.

இதற்கான தீர்வு எளிது. தீர்மானித்த அளவு சர்க்கரையை டிகாக்ஷன் சூடாக இருக்கும்போதே கரைத்துவிட வேண்டும். குளிரவைத்த பின்னர் சுவை பார்த்துச் சர்க்கரை சேர்க்கக் கூடாது. இந்த ஒரு பழக்கமே பல வீடுகளில் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்துவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2015-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, நாம் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரையிலிருந்து கிடைக்கும் ஆற்றல் ஒரு நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும்; 5 விழுக்காட்டுக்குள் இருப்பின் கூடுதல் நன்மை. 2000 கலோரி உண்ணும் ஒருவருக்கு இந்த 5 விழுக்காடு என்பது ஏறத்தாழ 25 கிராம், அதாவது தலைதட்டிய தேக்கரண்டியில் ஐந்து அல்லது ஆறு. இது ஒரு நாள் முழுமைக்குமான அளவு. காலைத் தேநீர், பிஸ்கட், கேசரி, பழச்சாறு அனைத்தும் இதற்குள் அடங்க வேண்டும்.

2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது உலகெங்கும் வீடுகளில் செய்யப்பட்ட டல்கோனா காபி பலருக்கும் நினைவிருக்கும். கொரிய நாட்டின் சர்க்கரை மிட்டாய் ஒன்றின் பெயரையே அது தாங்கியிருந்தது. உடனடி காபித் தூள், சர்க்கரை, வெந்நீர் ஆகியவற்றை வகைக்கு இரண்டு மேசைக்கரண்டி எடுத்து நுரை பொங்க அடித்து, குளிர்ந்த பாலின் மேல் இடுவது அதன் செய்முறை. இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை என்பது 25 கிராம். அந்த நுரை முழுவதையும் ஒருவரே அருந்தினால் அன்றைய அளவு ஒரே டம்ளரில் முடிந்துவிடுகிறது. உண்மையில் அந்த நுரை நால்வருக்குப் போதுமானது. நான்காகப் பகிர்ந்தால் ஆளுக்கு ஏறத்தாழ 6 கிராம் சர்க்கரையே சேரும். சர்க்கரையைப் பாதியாக்கியும் அடிக்கலாம். நுரை சற்று இளகலாக வரும், விரைவில் அடங்கும், அவ்வளவே.

கடைப் பாணியில் வீட்டில் செய்யும் ஒரு பெரிய டம்ளரைக் கணக்கிட்டுப் பாருங்கள். இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையில் 25 கிராம். இரண்டு மேசைக்கரண்டி சாக்லேட் பாகில் ஏறத்தாழ 20 கிராம். ஒரு கரண்டி ஐஸ்கிரீமில் 12 முதல் 15 கிராம். மொத்தம் 60 கிராமை நெருங்குகிறது. அதாவது பன்னிரண்டு தேக்கரண்டி. கொழுப்பு மிகுந்த பாலும் சேர்ந்தால் ஆற்றல் 400 கலோரியைத் தாண்டும். இது ஒரு வேளைச் சிற்றுண்டிக்கு ஈடானது. ஆனால் இதை அருந்தியவர் இரவு உணவைக் குறைப்பதில்லை. திரவமாக உட்செல்லும் ஆற்றலால் பசி அதே அளவுக்குத் தணிவதில்லை.

சர்க்கரைக்கு மாற்றாக வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி சேர்த்தால் தீங்கில்லை என்ற எண்ணம் நம் மாவட்டத்தில் வலுவாக உள்ளது. பாலக்கோட்டிலும் கோபாலபுரத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் அமைந்த, கரும்பும் வெல்லமும் வாழ்வோடு கலந்த ஊர் நம்முடையது, அப்பற்று இயல்பானதே. வெல்லத்தின் மணமும் சுவையும் காபிக்கு நன்கு பொருந்துகின்றன என்பதையும் மறுப்பதற்கில்லை. எனினும் வெல்லத்தின் பெரும்பகுதி சர்க்கரையே. இரத்தத்தில் அது சர்க்கரையைப் போலவே சேரும். ஆகவே வெல்லத்தையும் அதே 25 கிராம் கணக்கில்தான் எழுத வேண்டும். செயற்கை இனிப்பூட்டிகளைப் பொறுத்தவரை, உடல் எடையைக் கட்டுப்படுத்தும் நோக்கில் அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கானது அன்று. அவர்கள் தம் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யலாம்.

காஃபின் எவ்வளவு?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி நெறிமுறைகள், ஒரு நாளில் 300 மில்லிகிராமுக்கு மேல் காஃபின் வேண்டாம் என்கின்றன. அந்நெறிமுறைகளின்படி 150 மி.லி. வடிகட்டிய காபியில் 80 முதல் 120 மி.கி., உடனடி காபியில் 50 முதல் 65 மி.கி., தேநீரில் 30 முதல் 65 மி.கி. காஃபின் உள்ளது. கருவுற்ற தாய்மார்களுக்குப் பன்னாட்டு மருத்துவ அமைப்புகள் பரிந்துரைக்கும் உச்ச அளவு 200 மி.கி. மட்டுமே.

நாம் வாங்கும் காபித் தூளில் பெரும்பாலும் சிக்கரி கலந்திருக்கும். இந்தியச் சட்டப்படி காபி–சிக்கரிக் கலவையில் காபி 51 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. விகிதத்தை உறையில் அச்சிட வேண்டும். சிக்கரியில் காஃபின் இல்லை. வறுத்த வேர் என்பதால் கருகிய சர்க்கரையை ஒத்த மணம் அதற்கு உண்டு. கேரமல் பாகுக்காகத் தனியே செலவிடுவோர், 30 விழுக்காடு சிக்கரி கலந்த தூளைப் பயன்படுத்திப் பார்க்கலாம்; அந்த மணத்தில் ஒரு பகுதி சர்க்கரையின்றியே கிடைத்துவிடும். தூய காபியே உயர்ந்தது என்போர் இதை ஏற்கமாட்டார்கள். உடல்நலக் கண்ணோட்டத்தில் சிக்கரியைக் குறை கூற இங்கு இடமில்லை.

காஃபினில் பாதியை உடல் வெளியேற்ற ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது. மாலை ஆறு மணிக்கு அருந்தியதில் பாதி இரவு பதினொரு மணிக்கும் உடலில் இருக்கும். பேறுகாலத்தின் பிற்பகுதியில் இக்கால அளவு மூன்று மடங்கு வரை நீள்கிறது. சூடான காபியைச் சிறிது சிறிதாகவே அருந்த முடியும். குளிர்காபியை உறிஞ்சு குழலில் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம். தேர்வுக் காலத்தில் நள்ளிரவில் இரண்டு பெரிய டம்ளர் அருந்திவிட்டு, மறுநாள் காலை நெஞ்சு படபடப்புடன் வரும் மாணவர்களைக் காண்கிறோம். இதயத் துடிப்புப் பதிவில் பெரும்பாலும் குறையேதும் இருப்பதில்லை. உறக்கமின்மையால் தேர்வு மட்டும் கெட்டிருக்கும்.

தண்ணீரும் பனிக்கட்டியும்: தருமபுரி மாவட்டத்தினர் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது

நம் மாவட்டத்தின் நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுந்துள்ளது என்பதை அனைவரும் அறிவர். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 1.0 மி.கி. ஃபுளோரைடை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத நிலையில் 1.5 மி.கி.யை உச்ச வரம்பாகவும் வகுத்துள்ளது. இதற்கு மேற்பட்ட நீரைக் குழந்தைப் பருவத்தில் தொடர்ந்து அருந்துவோருக்குப் பற்களில் வெண்புள்ளிகளும் பழுப்புக் கறையும் தோன்றுகின்றன. பல ஆண்டுகள் தொடர்ந்தால் எலும்பும் மூட்டுகளும் இறுகி வலி உண்டாகிறது. இதனைக் களையவே, ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டு 2013 முதல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு நீர் வழங்கி வருகிறது.

ஆயினும் நடைமுறையில் ஒரு வழக்கத்தைக் காண்கிறோம். குடத்தில் பிடித்து வைத்த ஒகேனக்கல் தண்ணீரைக் குடிப்பதற்கென ஒதுக்கிவிட்டு, காபி, தேநீர் போடவும் சமைக்கவும் மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் போர் தண்ணீரைப் பயன்படுத்துகின்றனர். "அதுதான் கொதிக்குதே" என்பது இதற்குக் கூறப்படும் காரணம். கொதிக்கவைத்தால் கிருமிகள் மடியும்; ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகி வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். இரண்டு டம்ளர் நீர் ஒரு டம்ளராக வற்றினால் செறிவு இரு மடங்காகும். சாதாரண மெழுகுத்திரி வகை வடிகட்டியும் ஃபுளோரைடை நீக்காது. எதிர்சவ்வூடு பரவல் முறையில் இயங்கும் ஆர்.ஓ. கருவி பெருமளவு நீக்கும். காபிக்கொட்டையில் ஃபுளோரைடு மிகக் குறைவு, தேயிலையில்தான் அதிகம். ஆகவே காபியைப் பொறுத்தவரை எந்தத் தண்ணீர் என்பதே கேள்வி.

பனிக்கட்டி இதில் பெரிதும் மறக்கப்படுவது. குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் தட்டைப் பெரும்பாலோர் சமையலறைக் குழாயில்தான் நிரப்புகின்றனர்; பல வீடுகளில் அக்குழாயில் வருவது போர் தண்ணீர். ஒரு டம்ளர் குளிர்காபியில் கரையும் பனிக்கட்டி 100 மி.லி. நீருக்கு ஈடாகலாம். எனவே டிகாக்ஷனுக்கும் ஐஸ் தட்டுக்கும், குடிக்க ஒதுக்கிய அதே நீரைக் காய்ச்சி ஆறவைத்துப் பயன்படுத்துங்கள்.

உறைநிலையில் கிருமிகள் மடிந்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. டைபாய்டு, மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்கு ஆகியவற்றை உண்டாக்கும் கிருமிகள் பனிக்கட்டியில் உயிருடன் இருந்து, உருகியதும் மீண்டும் செயல்படத் தொடங்கும். கடைகளில் வாங்கும் பெரிய பனிப்பாளங்கள் மீன், காய்கறி முதலிய பொருள்களைக் குளிர்விப்பதற்காகச் செய்யப்பட்டவையாக இருக்கலாம். விருந்து, வீட்டு விசேஷங்களுக்காக அவற்றை உடைத்துப் பானத்தில் இடவே கூடாது.

பால்

கறந்த பாலை வாங்குவோர் அதனைப் பொங்கக் காய்ச்சி, ஆறவைத்து, குளிர்சாதனப் பெட்டியில் வைத்த பின்னரே குளிர்காபிக்குப் பயன்படுத்த வேண்டும். கால்நடைகளிலிருந்து பரவும் புருசெல்லா காய்ச்சல் போன்ற நோய்கள் பச்சைப் பாலின் வழியே வரக்கூடும். சூடான காபியில் பால் தானாகவே காய்ந்துவிடுகிறது. குளிர்காபியில் அந்தக் காப்பு இல்லை. ஆவின் போன்ற பதப்படுத்திய பாக்கெட் பாலாயினும், குளிர்ச்சி விடாமல் வாங்கி வந்திருந்தால் மட்டுமே காய்ச்சாமல் பயன்படுத்தலாம், ஐயமிருப்பின் காய்ச்சிவிடுங்கள். நீலநிறப் பொட்டலத்தில் 3 விழுக்காடும் ஆரஞ்சு நிறப் பொட்டலத்தில் 6 விழுக்காடும் கொழுப்பு உள்ளது. மிக்ஸியில் அடித்தால் நீலநிறப் பாலே போதிய நுரை தரும்.

பால் கலந்த பானத்தை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. சித்திரை, வைகாசி வெயிலில் ஒரு மணி நேரமே வரம்பு. நெடுநேரம் மின்தடை ஏற்பட்ட நாளில், பெட்டிக்குள் இருந்த கலந்த பானத்தை அருந்தாமல் கொட்டிவிடுவதே நல்லது.

செய்முறை

பித்தளை அல்லது எவர்சில்வர் காபி ஃபில்டர் உள்ள வீட்டில் வேறு கருவி எதுவும் தேவையில்லை. நம் டிகாக்ஷன் இயல்பிலேயே செறிவானது; பனிக்கட்டி கரைந்தாலும் சுவை நீர்த்துப்போகாது. நால்வருக்கு 40 கிராம் தூளை ஃபில்டரில் இட்டு, கொதித்த நீர் 250 மி.லி. ஊற்றினால், தூள் உறிஞ்சியது போக 170 மி.லி. அளவுக்கு டிகாக்ஷன் இறங்கும். ஆளுக்கு 40 மி.லி. போதும். இதில் கிடைக்கும் காஃபின், தூளின் வகையைப் பொறுத்து 100 மி.கி.யை ஒட்டி இருக்கும். வெல்லமோ சர்க்கரையோ சேர்ப்பதாயின், ஆளுக்கு ஒன்றரைத் தேக்கரண்டி என்ற கணக்கில் டிகாக்ஷன் சூடாக இருக்கும்போதே கரைத்துவிடுங்கள். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, நன்கு ஆறிய பிறகே பாலுடன் சேர்க்க வேண்டும். சூடான பாலில் வெல்லம் சேர்த்தால் திரிந்துவிடக்கூடும். மீந்த டிகாக்ஷனை மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள்கள் வரை வைக்கலாம். டிகாக்ஷனில் ஒரு பகுதியை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, அக்கட்டிகளையே பனிக்கட்டியாக இடுவதும் நல்ல முறை. அந்தக் காபிக் கட்டியும் 40 மி.லி. கணக்கில் சேர்ந்ததே என்பதை மறவாதீர்கள்.

இனிப்புப் பண்டத்தின் சுவையைச் சர்க்கரையால் மட்டும் கொண்டுவர வேண்டியதில்லை. ஏலக்காய், சுக்கு, வறுத்த நிலக்கடலை, தேங்காய் ஆகியவற்றின் மணத்தை நம் நாவு இனிப்போடு இணைத்தே பழகியிருக்கிறது. ஆகவே அம்மணம் வந்தாலே இனிப்பு கூடியதாகத் தோன்றும். ஒரு சிட்டிகை உப்பு காபியின் கசப்பைத் தணித்து, உள்ள இனிப்பை எடுத்துக்காட்டும்.

கடலை மிட்டாய்ச் சுவையில் செய்ய, வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை ஒரு பிடி, அதாவது 15 கிராம், சிறிது பாலுடன் விழுதாக அரைத்துக்கொள்ளுங்கள். வெல்லம் கரைத்த டிகாக்ஷன் 40 மி.லி., குளிர்ந்த பால் 120 மி.லி., உப்பு ஒரு சிட்டிகை, பனிக்கட்டி நான்கு சேர்த்து அடித்தால் ஐஸ்கிரீம் சேர்த்த அளவுக்குக் கெட்டியாக வரும். கடலையிலிருந்து 4 கிராம் அளவுக்குப் புரதமும் கிடைக்கிறது. பூஞ்சை பிடித்த, சுருங்கிய, கசக்கும் கடலைகளைக் கட்டாயம் பொறுக்கி எறிய வேண்டும். அவற்றில் கல்லீரலைத் தாக்கும் அஃப்ளாடாக்சின் நச்சு இருக்கக்கூடும். கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இது ஆகாது.

கேழ்வரகில் செய்வது இக்கட்டுரையாளரின் விருப்பம். 2023 முதல் நீலகிரி, தருமபுரி மாவட்ட நியாயவிலைக் கடைகளில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு பெற வழி செய்யப்பட்டதால், பல வீடுகளில் மாவு கையிருப்பில் உள்ளது. முளைகட்டிய கேழ்வரகு மாவு ஒரு மேசைக்கரண்டியை 100 மி.லி. நீரில் கட்டியின்றிக் கரைத்து, பச்சை வாசனை போகக் காய்ச்சி, ஆறவைத்துக் குளிர்விக்கவும். இதனுடன் பால் 100 மி.லி., இனிப்புக் கரைத்த டிகாக்ஷன் 30 மி.லி., ஏலக்காய்த் தூள் சேர்த்து அடித்தால், நிறமும் பதமும் சாக்லேட் புட்டிங்கை ஒத்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு அருந்தச் சொன்னால் கேழ்வரகு என்று பலரும் கண்டுபிடிப்பதில்லை. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மி.கி. கால்சியம் உள்ளது, தானியங்களில் இதற்கு இணை அரிது. அதே வேளையில், கேழ்வரகு என்பதாலேயே சர்க்கரை ஏறாது என்று நம்ப வேண்டாம். நன்கு அரைத்துக் காய்ச்சிய மாவு விரைவில் செரித்துச் சர்க்கரையாகும்.

பாயசச் சுவையை விரும்புவோர், வேகவைத்துக் குளிர்ந்த நீரில் அலசிய ஜவ்வரிசி ஒரு மேசைக்கரண்டியை டம்ளரின் அடியில் இட்டு, ஏலக்காய் மணமூட்டிய குளிர்காபியை மேலே ஊற்றலாம். தைவான் நாட்டிலிருந்து பரவி, நகரங்களில் விலை கொடுத்து வாங்கும் முத்து தேநீரின் முத்துகளும் மரவள்ளி மாவில் செய்தவையே; நம் வயல்களில் விளைவதும் அதே கிழங்குதான். ஜவ்வரிசி முழுக்க மாவுச்சத்து என்பதால் நீரிழிவு உள்ளோர் இவ்வகையைத் தவிர்க்கவும்.

சிறு பிள்ளைகளுக்குக் காபி தேவையில்லை. அவர்களுக்கு டிகாக்ஷனை விடுத்து, அதே கேழ்வரகுப் பானத்தையோ, குளிரவைத்த சுக்கு மல்லிக் காபியையோ கொடுக்கலாம். பின்னதில் பெயரில் மட்டுமே காபி உண்டு.

மருந்து உட்கொள்வோர், இரத்தசோகை உள்ளோர்

2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. காபியிலுள்ள பாலிபீனால்களும் பாலிலுள்ள கால்சியமும் உணவிலிருந்தும் மாத்திரையிலிருந்தும் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கின்றன. ஆகவே உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் காபி, தேநீர் அருந்த வேண்டாம். பள்ளியில் வாரந்தோறும் வழங்கும் இரும்புச்சத்து மாத்திரையையோ, கருவுற்ற தாய்மார்களுக்கான மாத்திரையையோ குளிர்காபியுடன் விழுங்குவது, மாத்திரையின் பயனைப் பெருமளவு வீணாக்குவதாகும்.

தைராய்டு மாத்திரை உட்கொள்வோர், மாத்திரைக்குப் பின் குறைந்தது அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காபி அருந்தக் கூடாது. சிப்ரோஃப்ளாக்சசின் என்னும் கிருமி எதிர்ப்பு மருந்து காஃபின் வெளியேற்றத்தைத் தாமதப்படுத்துவதால், அம்மருந்து முடியும்வரை காபியைக் குறைக்க வேண்டும். நீரிழிவு நோயாளிகளுக்குச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து வியர்வை, நடுக்கம் ஏற்பட்டால், 'இனிப்பாகத்தான் இருக்கிறதே' என்று ஐஸ்கிரீம் காபி கொடுக்காதீர்கள். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை உட்கிரகிப்பதைத் தாமதமாக்கும். நினைவுடன் இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் சோதிக்க வேண்டும். நினைவு தடுமாறினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழைக்கவும்.

வெயிலில் வேலை செய்து களைத்து வருவோருக்கும், வயிற்றுப்போக்கு உள்ளோருக்கும் குளிர்காபி நீரிழப்பை ஈடுசெய்யும் பானமன்று. செறிந்த சர்க்கரை வயிற்றுப்போக்கை மிகுவிக்கும். உப்பிட்ட நீர்மோர், இளநீர், ஓ.ஆர்.எஸ். கரைசல் ஆகியவையே அப்போது தேவை.

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ளோரை அவர்தம் இல்லத்துக்கே சென்று காணும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், 2021 ஆகஸ்டு 5 அன்று அண்டை மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. நம் மாவட்டத்திலும் அதன் பணியாளர்கள் வருகின்றனர். அவர்களிடமோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உணவுப் பழக்கத்தைக் கூறும்போது 'காபி குடிப்பேன்' என்று மட்டும் சொல்லாதீர்கள். சூடானதா குளிர்ந்ததா, டம்ளர் எவ்வளவு பெரியது, ஐஸ்கிரீமும் பாகும் சேர்த்ததா, எத்தனை கரண்டி சர்க்கரை, நாளில் எந்த நேரம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாத்திரையின் அளவைக் கூட்டுவதா, கரண்டியின் அளவைக் குறைப்பதா என்பதை மருத்துவர் அதைக் கொண்டே முடிவு செய்வார்.